முதலில் பேசியது யார்

ஸ்டேஷனில் அவளை ஏட்டம்மா என்பார்கள். வீட்டில் நாத்தனாரும் அப்படித்தான் கூப்பிடுவாள், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. நாற்பத்தெட்டு வயது, இருபத்து நாலு வருஷ சர்வீஸ், இரண்டு முட்டியிலும் தேய்மானம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டி, இனி நிற்கிற வேலை கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வாங்கி இன்ஸ்பெக்டர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். எட்டு மாதமாக அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் அவருடைய மகளின் ஸ்கூல் டைம்டேபிள்.

அவளுக்கு வேலையே நிற்பதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை, மொத்த வியாபாரக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், யூனிஃபாரம் இல்லாமல், தோளில் ஒரு கைப்பையோடு நிற்க வேண்டும். அந்தச் சந்துக்குப் பெண்களைத் தேடி ஆண்கள் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் பெண்களைத்தான் பிடிப்பார்கள். அப்புறம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: தேடி வருகிறவனைப் பிடியுங்கள். பிடிக்க ஒரு பெண் வேண்டும். சின்ன வயசுப் பெண் போலீஸ்காரிகளின் வீட்டிலிருந்து அப்பாவோ புருஷனோ வந்து சண்டை போட்டார்கள். ஏட்டம்மா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அந்த வேலைக்கு உடை கிடையாது, உடைக்குப் பணமும் கிடையாது. நாத்தனார் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். வாடிக்கையாளர் வாங்காமல் விட்டுப்போன ஒரு பூப்போட்ட நீளச் சட்டையை ஏட்டம்மாவுக்கு அளவு பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"எடுப்பாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சியில போலீஸ்னு எழுதி ஒட்டியிருக்கே, அதை எந்த நூலால தைக்கிறது?" என்றாள்.

"நிக்கிறது நான். உனக்கென்ன?"

"சட்டை என்னுது. தொழில் பேர் கெட்டுப்போகுமில்ல?"

ஒருநாள் மத்தியானம் அரசு வக்கீல் ஸ்டேஷனுக்கே வந்து, டீ குடித்துக்கொண்டே எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டுப் போனார். விதி மூன்றே மூன்று. நீயாகப் பேச்சை ஆரம்பிக்காதே. பணம் என்கிற வார்த்தையை நீ எடுக்காதே. போகிறவனை நிறுத்தாதே.

"தப்புப் பண்ண வர்றவனைப் பிடிக்கலாம். வராதவனை வரவழைச்சுப் பிடிச்சா, தப்புப் பண்ணினது நாம. எண்ணம் அவன்கிட்ட ஏற்கெனவே இருந்ததா, நீங்க கொண்டுபோய் வச்சீங்களா, கோர்ட்டுல அதைத்தான் கேப்பாங்க."

"எண்ணத்தை எப்படி சார் பாக்கறது?" என்று வேன் ஓட்டுகிற கான்ஸ்டபிள் கேட்டான்.

"பாக்க முடியாது. அதனாலதான் முதல்ல யார் பேசினாங்கன்னு பாக்கறோம்."

இதையெல்லாம் ஏட்டம்மா நன்றாகவே கடைப்பிடித்தாள். அவளுக்கு அதில் சிரமமே இல்லை. பேசாமல் நிற்பது எளிது, வருகிறவர்கள்தான் பேசிப் பேசிச் சிக்கிக்கொள்வார்கள். முதலில் மணி கேட்பார்கள். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே மணி கேட்பார்கள். அப்புறம் மழை வரும்போல இருக்கே என்பார்கள். அப்புறம் இந்தப் பக்கம் புதுசா என்பார்கள். அப்புறம் ஒரு தொகை சொல்வார்கள். சொன்னதும் அவள் கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்ற வேண்டும். இருபது அடி தள்ளி, சலவை மிஷின் ரிப்பேர் என்று எழுதிய வேனின் கதவு திறக்கும். ஓடப் பார்த்தவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. ஒருவர் தன் பர்ஸைத் திறந்து பிள்ளைகளின் படத்தைக் காட்டினார். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "சார், நான் அதுக்கு வரலை."

"தெரியும் சார். இந்தச் சந்துல எல்லாரும் அட்ரஸ் கேக்கத்தான் வருவாங்க. ஊர்லயே அட்ரஸ் தெரியாதவங்க ஜாஸ்தி இங்கதான்" என்பான் வேன்காரன்.

அப்படி நாற்பத்தொன்று ஆகியிருந்தது.

நாற்பத்திரண்டாவது ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மாதக் கடைசி நாள் அது. கணக்குக்கு இன்னும் ஒன்று வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மத்தியானமே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். வெயில் சந்தின் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மெல்ல நகர்ந்து முடிந்துவிட்டது. ஐந்தே முக்கால் வரை ஒருத்தரும் வரவில்லை. முட்டி வலி இடுப்பு வரை ஏறியிருந்தது. ஏட்டம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுவாள். மாற்றிய காலும் முடியாது என்று சொல்லும். நேரம் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிற வேலைச் சட்டை, தோளில் கருவிப் பை. சந்தில் ஒருமுறை நடந்து போனார். பத்து நிமிஷம் கழித்து எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார். அவளைத் தாண்டி ஒரு மூன்று அடியில் நின்று போனை எடுத்துப் பார்த்தார். பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பேசட்டும் என்று ஏட்டம்மா காத்திருந்தாள். அவர் பேசவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பையைத் தோளில் ஏற்றினார். போகிறார் என்று தெரிந்தது. இவர் போனால், கணக்கு ஆகிற வரை இன்னும் எத்தனை நேரமோ.

"என்ன, ரொம்ப நேரமா நிக்கிறீங்க?" என்றாள்.

அவர் திடுக்கிட்டார். "ஒண்ணுமில்லைங்க. கிளம்பிட்டேன். வீட்டுக்கு."

"உங்களுக்கென்ன, போயிடுவீங்க. நான் மத்தியானத்திலேர்ந்து நிக்கிறேன். முட்டி உயிர் போகுது. வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியுமா?"

சொன்னதில் பாதி தொழில், பாதி நிஜம். எந்தப் பாதி எது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கே தெரிந்திருக்காது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார். வீங்கியிருந்தன, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார்.

"இதை வச்சுக்கங்க. வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவள் கை நீண்டது. இன்னொரு கை கைப்பையைத் தோள் மாற்றியது. வேன் கதவு திறந்தது.

"சார், நான் அதுக்கு வரலை சார்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

வேன்காரன் சிரித்தான். ஏட்டம்மா வேனின் பின் சீட்டில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டாள். அவள் எதிரில் அந்த ஆள் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரி என்று தெரிந்த பிறகும் ஒருமுறை அவள் காலைப் பார்த்தார். நிஜமாகவே வீங்கியிருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல இருந்தது அது.

ஸ்டேஷனில் வழக்கு எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். இந்த மாதிரிக் கேஸுக்கு ரைட்டர் ஒரு வாக்குமூலத்தை டைப் அடித்துக் கட்டாக வைத்திருந்தார். பெயர், வயது, சட்டை நிறம், தொகை, இந்த நான்கு இடம் மட்டும் காலி. மற்றதெல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும்: 'எதிரி தாமாக முன்வந்து என்னை அணுகி, தகாத நோக்கத்துடன் பேச்சுக் கொடுத்து, பணம் தர முன்வந்தார்.' போலீஸ் பாஷையில் பிடிபட்டவர் எல்லோருமே எதிரிதான். நாற்பத்தொரு எதிரிகளும் அந்த ஒரே வாக்கியத்தில் முன்வந்திருந்தார்கள்.

"சட்டை என்ன நிறம்?"

"சாம்பல். அண்ணே, இந்த ஆளு ஒண்ணும் கேக்கல. வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போன்னுதான் சொன்னாரு."

"பணம் குடுத்தாரா, இல்லையா?"

"குடுத்தாரு."

"நீ வாங்கினியா?"

"வாங்கினேன்."

"அப்புறம் என்னம்மா? அதுக்கு மேல எழுத நான் என்ன கதையா எழுதறேன்? எல்லாரும் அபராதம் கட்டிட்டுப் போறான். இவனும் கட்டிட்டுப் போவான். கையெழுத்துப் போட்டுட்டு நீயும் கிளம்பு."

மணி ஏழாகியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ரைட்டர் சொன்னதில் தப்பு இல்லை. பிடிபட்ட எல்லோரும் அபராதம் கட்டினார்கள். வழக்கு நடத்துகிறேன் என்று நின்றால் வீட்டுக்குக் கோர்ட் தபால் வரும். தபாலை யார் வாங்குவார்கள் என்பதுதான் எல்லோருடைய பயமும். ஆகையால் நாற்பத்தொரு கேஸில் ஒருமுறைகூட ஏட்டம்மா கூண்டேறிச் சாட்சி சொன்னதில்லை. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் மறுத்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் லிஃப்ட் வேலை லைசென்ஸ் ரத்தாகிவிடும். அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் ஆஸ்பத்திரிக்குள்ளும் போய் வருகிற வேலை; இந்த மாதிரி வழக்கில் தண்டனை வாங்கியவரை அந்த லைசென்ஸோடு விட மாட்டார்கள். வழக்கு முடிகிற வரை அதை முடக்கியும் வைத்துவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து விசாரணை வந்தது. அதுவரை சந்தில் ஆள் பிடிப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் ஸ்டேஷனில் ஒரு இடம் காலியானது. தொலைந்துபோன பொருட்களைப் பதிவு பண்ணுகிற ஜன்னல். தரைத்தளம், நாற்காலி, மேலே ஃபேன். அங்கே இருந்த ஏட்டு ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த இடத்தை ஏட்டம்மாவுக்குத் தருகிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். கண்ணாடிக்கு அடியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து மேலே வைத்தே சொன்னார்.

"இந்த ஒரு கேஸ் மட்டும் கோர்ட்டுல நிக்கட்டும், ஏட்டம்மா. இது விழுந்தா, பழசு நாப்பத்தொண்ணையும் ஆளாளுக்குத் தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. மேல என்னைத்தான் கேப்பாங்க. நீங்க வழக்கமா கையெழுத்துப் போடறதையே சொல்லுங்க. மறுநாளே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

விசாரணைக்குப் போகிற அன்று காலையில் அவள் சமையலறையில் நின்றுகொண்டே இதையெல்லாம் நாத்தனாரிடம் சொன்னாள். நான்கு மாதமாகச் சொல்லாததை அன்றைக்கு ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. நாத்தனார் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"அந்தாளு யோக்கியனா?"

"தெரியாது. ரெண்டு தடவ சுத்தி வந்தாரு."

"அப்ப எண்ணம் இருந்திருக்கு."

"இருந்திருக்கலாம். போறேன்னுதான் கிளம்பினாரு. நான் பேசலன்னா போயிருப்பாரு."

"போயிட்டு நாளைக்கு வந்திருப்பான்."

"நாளைக்கு வந்தா நாளைக்குப் பிடிக்கணும்."

நாத்தனார் கையிலிருந்த ஊசிகளைச் சட்டை விளிம்பில் குத்தினாள். "எனக்கு உன் சட்டமெல்லாம் தெரியாது, ஏட்டம்மா. ராத்திரி நீ பாத்ரூம் போறப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகறது தெரியும். அந்த ஜன்னல்ல போய் உக்காரு. யாரோ ஒருத்தனுக்காக உன் காலை விக்காத."

ஏட்டம்மாவின் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் மறக்காமல் சொல்வார்.

கோர்ட் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையிலேயே தூசி படிந்திருந்தது. யூனிஃபாரத்தில் ஏட்டம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவைத்து ஏறினாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்றாள். மூன்றாவது மாடி வராந்தாவில் அந்த மெக்கானிக் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். வெளுத்த முழுக்கைச் சட்டை, கருவிப் பை இல்லை. பை இல்லாததால் ஒரு தோள் மட்டும் இறங்கினமாதிரி தெரிந்தது.

பெயர்களைக் கூவிக் கூப்பிடுகிற டவாலி கையில் லிஸ்டை வைத்துக்கொண்டு வந்தார். "தொழில் என்னப்பா? லிஃப்ட் மெக்கானிக்கா? அட, நல்லவேளை. வயசான வக்கீல் ஒருத்தர் போன வாரம் படியிலேயே உக்காந்துட்டாரு. கேஸ் வர்றதுக்கு இன்னும் அரைமணி ஆகும். போய் அந்த லிஃப்ட்டை ஒரு பார்வை பாத்துட்டு வாயேன்."

"லைசென்ஸை நிறுத்தி வச்சிருக்காங்க, ஐயா. தொட்டா அதுக்குத் தனியா ஒரு கேஸ் போடுவாங்க."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா."

"நீங்க சொல்ல மாட்டீங்க. போலீஸ் இங்கதானே இருக்காங்க" என்று அவர் ஏட்டம்மா பக்கம் தலையை அசைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. டவாலி அவளைப் பார்த்துவிட்டு, லிஸ்டை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் ஏட்டம்மா. கேட்டிருக்கக் கூடாது. எதிரியோடு சாட்சி பேசக் கூடாது.

"ஒரு கிடங்குல மூட்டை எண்ணறேன்" என்றார். "வீட்டுல லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருக்குன்னு சொல்லியிருக்கேன்."

கோர்ட் அறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. மாஜிஸ்ட்ரேட்டுக்கு அன்று அது பத்தொன்பதாவது வழக்கு. தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் எழுதிக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் பைலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"அன்றைய தினம் நடந்ததைச் சொல்லுங்கள்."

"எதிரி தாமாக முன்வந்து என்னை அணுகி, தகாத நோக்கத்துடன் பேச்சுக் கொடுத்து, பணம் தர முன்வந்தார்" என்றாள் ஏட்டம்மா. அவள் சொல்லவில்லை, அது வந்தது. நாற்பத்திரண்டு தடவை கையெழுத்துப் போட்ட வாக்கியம் நாக்கு நுனியிலேயே தயாராக இருந்தது. அரசு வக்கீல் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஜலதோஷம். கைக்குட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அணுகி என்றால்? உங்கள் பக்கத்தில் வந்தாரா?"

"மூணடி தள்ளி நின்னார்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அந்த அஞ்சு நிமிஷமும் பேசவில்லை?"

"போனைப் பாத்துக்கிட்டிருந்தார்."

"சரி." வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். "முதலில் பேசியது யார்?"

எதிரி என்று சொன்னால் போதும். யாரும் மறுத்துச் சொல்ல முடியாது. வேன் இருபது அடி தள்ளி நின்றது. அவர்கள் கேட்டிருக்க முடியாது. அந்த ஆள் இல்லை என்பார். எதிரிகள் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நாளைக்கு ஜன்னல், ஃபேன், நாற்காலி. இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பொய்யை யோசித்துச் சொல்லும் அளவுக்குத் தெம்பு இல்லை என்பதும் தெரிந்தது. முதலில் சொன்ன வாக்கியம் ரைட்டர் அடித்து வைத்தது. இந்தக் கேள்விக்கான பதிலை அவர் அடித்து வைத்திருக்கவில்லை. அதை அவளேதான் சொல்ல வேண்டும்.

"நான்தாங்க" என்றாள்.

அரசு வக்கீல் பைலிலிருந்து தலையைத் தூக்கினார். மாஜிஸ்ட்ரேட்டின் பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்று மாஜிஸ்ட்ரேட்டே கேட்டார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களேன்னு கேட்டேன். வீட்டுக்குக் கிளம்பிட்டேன்னார். முட்டி வலிக்குது, வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு சொன்னேன்."

"முட்டி வலின்னு எதுக்குச் சொன்னீங்க?"

"வலிச்சுதுங்க."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டவாலி அதட்டினார்.

"அதுக்கு இவர் என்ன சொன்னார்?"

"இதை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்கன்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலீங்க."

"உங்க வாக்குமூலத்துல அப்படி இல்லையே?"

"அது டைப் அடிச்சே இருக்குங்க. பேரும் சட்டை நிறமும் மட்டும் எழுதுவோம்."

மாஜிஸ்ட்ரேட் அந்தக் காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காலி விட்டிருந்த நான்கு இடங்களில் மட்டும் பேனா மை இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. இவர் எதற்காக இரண்டு முறை அந்தச் சந்தில் நடந்தார் என்பது இந்த நீதிமன்றத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றார். போய்க்கொண்டிருந்தவரைப் பேசி நிறுத்திப் பணம் எடுக்க வைத்தது போலீஸ். இல்லாத குற்றத்தை உண்டாக்கி அதற்கு ஒருவரைப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. விடுதலை. அச்சடித்த வாக்குமூலம் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதப்படும். அடுத்த வழக்கு.

படி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். ஏட்டம்மா இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றிருந்தபோது லிஃப்ட் மெக்கானிக் மேலிருந்து வந்தார். தாண்டிப் போனவர் நாலு படி கீழே போய் நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று பயந்தாள்.

"நாலு மாசம்" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தார்போல. அவளே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு எதுக்குங்க ரெண்டு தடவ வந்தீங்க?"

"இதையும் எழுதிக்குவீங்களா?"

"கேஸ் முடிஞ்சுபோச்சு. எழுத ஒண்ணுமில்ல."

அவர் கைப்பிடியை உள்ளங்கையால் தேய்த்தார். "வீட்டுக்குப் போகப் பிடிக்கல. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. நீங்க பேசாம இருந்திருந்தா நான் கிளம்பிப் போயிருப்பேனா, திரும்பி வந்திருப்பேனான்னு கிடங்குல மூட்டை எண்ணறப்ப யோசிச்சுப் பாத்திருக்கேன். தெரியலைங்க. தெரிஞ்சுக்கவும் நீங்க விடல."

அவர் இறங்கிப் போனார். வேகமாக இறங்கினார், நல்ல முட்டி.

இன்ஸ்பெக்டர் கத்துவார் என்று நினைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. டாக்டர் சீட்டை எடுத்து மறுபடி கண்ணாடிக்கு அடியில் நுழைத்தார். "என்ன ஏட்டம்மா இது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். ஜன்னல் வேலை வேறொருவருக்குப் போயிற்று. சந்து வேலையும் அவளுக்கு இனி இல்லை. முதலில் பேசினேன் என்று கோர்ட்டில் சொன்னவளை மறுபடி எந்தச் சந்தில் நிறுத்துவது? பஸ் நிலைய நுழைவாயிலில் ட்யூட்டி போட்டார்கள். காலை ஏழிலிருந்து மத்தியானம் மூன்று வரை. அங்கே யாரிடம் வேண்டுமானாலும் முதலில் பேசலாம்.

"ஜன்னலை விட்டுட்டு வந்துட்டியா?" என்றாள் நாத்தனார்.

"விட்டுட்டேன்."

"லூசு" என்றாள். அன்று சாயங்காலம் ஒரு பழைய துணியை நாலாக மடித்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, முட்டிக்குக் கட்டிக்கொள்ள இரண்டு பட்டை செய்து கொடுத்தாள். ஒன்று பெரிதாகப் போயிற்று, நடந்தால் கணுக்கால் வரை இறங்கியது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பயந்ததுபோலவேதான் நடந்தது. அச்சடித்த வாக்குமூலத்தின் செய்தி வெளியே போனதும், அபராதம் கட்டிய நாற்பத்தொரு பேரில் பத்துப் பேர் வழக்கைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். மற்றவர்களுக்குத் தபால் பயம் இன்னும் போகவில்லை. பத்து மனுவுக்கும் ஏட்டம்மாவுக்குச் சம்மன் வந்தது. தான் உண்மை சொன்னால் பத்துப் பேருக்கும் நியாயம் கிடைத்துவிடும் என்று ஒருவேளை அவளும் நினைத்திருக்கலாம். முதல் மனுவுக்கு ஸ்டேஷனில் விடுப்புச் சொல்லிவிட்டு, மறுபடி மூன்று மாடி ஏறினாள். கூண்டுக்கு எதிரில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"இவர் வழக்கில் முதலில் பேசியது யார்?" என்றார் வக்கீல்.

ஏட்டம்மா அவரைப் பார்த்தாள். மணி கேட்டவரா, மழை வரும் என்றவரா, பிள்ளைகள் படத்தைக் காட்டியவரா? அன்றைக்கு அவள் பேசினாளா, பேசாமல் நின்றாளா? பெரும்பாலும் பேசியிருக்க மாட்டாள். பெரும்பாலும் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது. வாக்குமூலத்தைக் காட்டினார்கள். எதிரி தாமாக முன்வந்து என்று இருந்தது. சட்டை நிறம் நீலம்.

அந்த மனிதர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முகத்தை நன்றாகத் தெரியும்படி காட்டினார். அவர் தனக்குச் சாதகமாக எதையும் எதிர்பார்க்கிறவர்போல இல்லை. ஒருவேளை அவருக்கே ஞாபகம் இல்லையோ என்னவோ; அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர்போல இருந்தார்.

"ஞாபகம் இல்லீங்க" என்றாள்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிச்சேங்க. இல்ல."

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது மணி ஒன்றரை. கணவர் ஸ்கூல் வேனை எதிர்ப்புறம் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஏற்றப் போக இன்னும் நேரம் இருந்ததால் ஸ்டியரிங்கில் பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் ஒம்பது."

"மெதுவா ஏறு. கதவை அடிச்சுச் சாத்தாத, கீல் போயிடுச்சு."

அவள் முதலில் ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்புறம் மற்றதைக் கையால் தூக்கி வைத்தாள்.